தொண்ணூற்றாறைக் காணோம்

கட்டிலுக்கு அடியில் தொண்ணூற்றாறு இல்லை.

அழகுமுத்து தரையில் குப்புறப் படுத்து, டோர்ச்சை அடித்து இன்னொரு தடவை பார்த்தார். தொண்ணூற்று நான்கு இருந்தது. தொண்ணூற்றைந்து இருந்தது. பிறகு ஒரு பெட்டி அகலத்துக்கு வெறுந்தரை. அதற்கப்பால் தொண்ணூற்றேழும் தொண்ணூற்றெட்டும் ஒன்றுமே தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தன.

"இராமலெட்சுமி! தொண்ணூத்தாறு எங்க?"

"என்னைக் கேட்டா? காலண்டரைப் பாருங்க" என்று குசினியிலிருந்து பதில் வந்தது.

அழகுமுத்து, கொழும்பு கொட்டாஞ்சேனை 'மர்ஸூக் அன்ட் சன்ஸ்' கம்பனியின் கிளார்க். ஒரே கிளார்க். முதலாளி மர்ஸூக் ஹாஜியாருக்கு நான்கும் பெண்கள்; 'சன்ஸ்' என்பது கல்யாணமான புதிதில் நம்பிக்கையோடு எழுதிய பலகை. வெளிநாட்டிலிருந்து குடைக்கம்பி இறக்குவதுதான் வியாபாரம். சுங்கச் சட்டமோ, இறக்கிய ஒவ்வொரு சாமானுக்கும் உரிய கப்பல் பில், இன்வொய்ஸ், பிரகடனம், ரசீது எல்லாவற்றையும் ஐந்து வருஷம் பத்திரமாக வைத்திருந்து, கேட்ட நேரம் காட்ட வேண்டும் என்றது. ஹாஜியாரின் மாடி அறையில் இரண்டு மேசையும் ஒரு மின்விசிறியும் ஹாஜியாரும் போக மிச்சம் இடம் இல்லை.

"உங்கட கட்டில் பெரிசுதானே வாப்பா" என்று ஹாஜியார் ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்து வெள்ளவத்தை அனெக்ஸ் ஒன்றில், புருஷனும் பெண்சாதியும் ஐந்து வருஷத்துக் குடைக்கம்பிக்கு மேலேதான் படுத்து எழும்புகிறார்கள்.

அன்று திங்கட்கிழமை. காலையில்தான் ஏழாம் இலக்கச் சுங்கக் கிளையிலிருந்து கடிதம் வந்திருந்தது. வெள்ளி காலை பத்து மணிக்கு உத்தியோகத்தர் இருவர் வருவார்கள். 1996ஆம் ஆண்டின் சகல ஆவணங்களையும், ஒரு தாளும் குறையாமல், ஆயத்தமாக வைத்திருக்கவும்.

"ஒரு துண்டு கொறஞ்சாலும் லைசன் போவும்" என்றார் ஹாஜியார். "லைசன் போனா கடையப் பூட்டுறதான். கடையப் பூட்டினா..."

மிச்சத்தை அவர் சொல்லத் தேவையில்லை. அழகுமுத்துவின் சட்டைப் பையில், பொலித்தீன் உறையில், கம்பனி கடிதத் தலைப்பில் ஒரு கடிதம் எப்போதும் இருக்கும். 'இவர் எமது கிளார்க். தொழில் நிமித்தம் வெள்ளவத்தையில் வசிக்கிறார்.' அவர் யார் என்பதை அடையாள அட்டை சொல்லும். மலையகத்து ஹட்டன்காரருக்குக் கொழும்பில் என்ன வேலை என்பதை இந்தக் கடிதம் மட்டுமே சொல்லும். ராணுவ செக்பொயின்ட்டில் இரண்டாவது கேள்விதான் எப்போதும் பொல்லாதது. கம்பனி போனால் கடிதமும் செத்துவிடும். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு, ஏற்கெனவே ஒன்பது பேர் படுக்கிற அண்ணன் வீட்டுக்கு, தேயிலைத் தோட்டத்து லயக் காம்பராவுக்குத்தான் போக வேண்டும்.

இராமலெட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள்.

"போன மாசம் ஆமிக்காரங்க செக்கிங் வந்தாங்கல்ல? அப்ப பெட்டியெல்லாம் வெராந்தாவுக்கு இழுத்துப் போட்டானுங்க. இதுல என்னான்னு கேட்டானுங்க. கொடைக்கம்பின்னேன். கம்பின்னதும் மறுபடி மொதல்லேருந்து கெளறுனானுங்க."

"அப்புறம்?"

"அவங்க போனப்புறம், வேண்டாத சாமானெல்லாம் போத்தல் பேப்பர்காரன்கிட்ட போட்டேன். பழைய பேப்பர், ஒடஞ்ச கதிரை, ஒரு பெட்டி..."

"என்ன பெட்டி?"

"பெட்டி மாதிரி பெட்டிதாங்க."

அழகுமுத்து தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

வாசலுக்கு வந்தபோது வீட்டுக்காரி மாக்ரெட் அன்ரி பிடித்துக்கொண்டார். "என்ன மகன், முகம் செத்துக் கிடக்கு?"

சொன்னார்.

"அட, இதுக்கா? தொலைஞ்ச சாமானுக்கு எங்கட அந்தோனியார விட்டா உலகத்தில ஆள் இல்ல. உள்ளுக்கு வந்து ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கோ."

அந்தோனியார் திருநாள் முடிந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அன்ரியின் முன் ஹோலில் வெள்ளை லேஸ் துணி போர்த்திய பீடத்தில் சுரூபம் இன்னும் நின்றது. போன வருஷம் குனிந்து கும்பிட்ட ஞாபகம். இந்த வருஷம் புனிதர் சரியாக அழகுமுத்துவின் முகத்துக்கு நேரே நின்றார். முகம் பார்த்துப் பேச அது வசதியாக இருந்தது. முருகனிடம் மனதுக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மெழுகுதிரியைக் கொளுத்தி, "சாமி, என் பெட்டியைக் காட்டிக் குடுங்க" என்று கேட்டார். அந்தோனியார் குழந்தையை ஏந்தியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனசு ஆறாமல் கடற்கரைப் பக்கம் நடந்தார். ரயில் பாதை ஓரத்தில் கடலைக்காரர் சங்கிலியின் வண்டி. பசிக்கவில்லை, கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று ஒரு கடதாசிச் சரை வாங்கினார். கடலை முடிந்து, கடதாசியை எறியப் போனவர் கையை இழுத்துக்கொண்டார்.

'மர்ஸூக் அன்ட் சன்ஸ். குடைக்கம்பி. நானூறு பெட்டி.' அடியில், எண்ணெய்க்குள் மிதந்தபடி, அவருடைய சொந்தக் கையெழுத்து.

அந்தோனியார் அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. அழகுமுத்துவுக்கு நடுத்தெருவில் அழுகை வந்தது.

"அண்ணே, இந்தப் பேப்பர் எத்தனை இருக்கு?"

சங்கிலி சுருட்டி அடுக்கி வைத்திருந்ததைக் காட்டினார். "அம்பது தேறும்."

"எல்லாத்தையும் குடுங்க. கடல வேணாம்."

சங்கிலிக்கு முகம் சுருங்கிவிட்டது. "கடல வேணாமா? ஏங்க, என் கடலைக்கு என்னா கொறை? இருவது வருஷமா விக்கிறேன். பேப்பரை மட்டும் வாங்கிட்டுப் போனாங்கன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா, நாளைக்கு இந்த ரோட்டுல நான் நிக்கலாமா?"

கெஞ்சியும் கேட்கவில்லை. ஐம்பத்தொரு சரை கடலையும் கையிலிருந்த அந்தத் தாளுமாக அழகுமுத்து வீடு வந்து சேர்ந்தார்.

"நமக்கு யாருங்க இவ்ளோ விருந்தாளி வரப்போறாங்க?" என்று இராமலெட்சுமி கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலைச் சாப்பாடு கடலை. பகலுக்குக் கடலைக் கறி. இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் ஒவ்வொரு சட்டி போனது. மூன்றாவது வீட்டுக்காரர் கதவையே திறக்கவில்லை. மாக்ரெட் அன்ரி மட்டும் ஆசையாக வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அன்று முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்தார்.

இதற்குள் சங்கிலி சும்மா இருக்கவில்லை. கடலையை விட்டுக் கடதாசியை மதிக்கிற ஒரு மனுஷன் வெள்ளவத்தையில் இருக்கிறான் என்ற செய்தி கோல்பேஸ் கடற்கரை வரைக்கும் போய்விட்டது. பின்னேரம் அழகுமுத்து வேலை விட்டு வந்தபோது, கேற்றடியில் எட்டுக் கடலைக்காரர்கள் வண்டியோடு நின்றார்கள்.

"ஐயா, நம்மகிட்ட நல்ல பேப்பர் இருக்கு."

"எனக்குக் கொடைக்கம்பிப் பேப்பர்தாங்க வேணும்."

"பிரிச்சுப் பாத்தாத்தானே தெரியும்? வாங்கிட்டுப் பிரிங்க."

வாங்கிப் பிரித்தார். ஒன்றில் யாரோ பிள்ளை கணக்கில் எடுத்த முட்டை இருந்தது. ஒன்றில் ஒரு பெண்ணின் சாதகம், செவ்வாய் தோஷத்தோடு. ஒன்று காதல் கடிதம். அதை இராமலெட்சுமி வாங்கி இரண்டு தடவை வாசித்துவிட்டு, பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாள். இத்தனைக்கும் நடுவே முப்பத்தெட்டுக் குடைக்கம்பித் தாள்கள் கிடைத்தன.

"நீங்க எல்லாம் பேப்பர் எங்க வாங்குறீங்க?"

"முகத்துவாரத்துல ராக்கம்மாகிட்ட."

புதன்கிழமை அழகுமுத்து அரை நாள் லீவு போட்டார். சேர்த்த சரைகளை வீட்டில் விட்டுப் போக மனசு வரவில்லை. இராமலெட்சுமி சுத்தம் பார்க்கிறவள். எல்லாவற்றையும் ஓர் உரப்பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

ராக்கம்மா திண்ணையில் உட்கார்ந்து, பழைய தாள்களில் பசை தடவிப் பை ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி ஒட்டிய பைகள் குவிந்திருந்தன.

"கொடைப் படம் போட்ட பேப்பரா? கம்பின்னு இங்கிலீசுல இருக்குமே, அதானே? நேத்துதாங்க எல்லாத்தையும் ஒட்டி முடிச்சேன்" என்று பெருமையாகச் சொன்னாள். "பாருங்க, எவ்ளோ ஒறுதியா இருக்குன்னு. இழுத்தாலும் பிரியாது."

அழகுமுத்து இழுத்துப் பார்த்தார். பிரியவில்லை. அவள் வேலை சுத்தம்.

ஐம்பத்தொரு பைகளும் உரப்பைக்குள் போயின. திரும்பி வரும் வழியில், வெள்ளவத்தைக்குக் கிட்டத்தான், செக்பொயின்ட்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட சார்ஜன் ஒருவர் உரப்பையைத் திறந்தார்.

"மே மொனவாத?" இதெல்லாம் என்ன என்று கேட்டார்.

"கடல சுத்துற பேப்பர், சேர்" என்று அழகுமுத்து தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார்.

"கடலை எங்கே?"

"கடலை வீட்டில், சேர்."

இது நல்ல பதில் இல்லை என்பது சொன்ன பிறகு அவருக்கே தெரிந்தது. பொலித்தீன் உறைக் கடிதத்தை எடுத்து நீட்டினார். குடைக்கம்பி, சுங்கச் சட்டம், ஐந்து வருஷம், கட்டில், போத்தல் பேப்பர்காரன் என்று எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே இருந்தது. பஸ் அவரை விட்டுவிட்டுப் போனது.

சார்ஜன் படையில் சேருமுன் தபால் கந்தோரில் கடிதம் பிரித்தவராக இருக்க வேண்டும். ஒவ்வொரு சரையாகப் பிரித்தார். தாள்களின் மூலையில் சிவப்புப் பென்சிலால் இலக்கம் போட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று மணல் மூட்டைகள் மேல் வரிசையாகப் பரப்பி, பறக்காமல் கல் வைத்தார். பைகளின் இலக்கங்களையும் வெளியே தெரிந்தபடி பார்த்து இடையில் செருகினார்.

அழகுமுத்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார். இந்த இலக்கங்களைத் தான் எப்போது போட்டோம்? தொண்ணூற்றாறில் தான் இவ்வளவு கவனமான ஆளாக இருந்தது அவருக்கே ஞாபகம் இல்லை. இந்த மூன்று வருஷத்தில் புத்தி மழுங்கிவிட்டது என்று நினைத்துக் கவலைப்பட்டார்.

நூற்று நாற்பத்திரண்டில் கட்டு முடிந்தது. சார்ஜன் நிமிர்ந்தார். கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"முப்பத்தேழு எங்கே?"

"தெரியாது, சேர்."

"எல்லாம் இருக்கிறது. முப்பத்தேழு மட்டும் இல்லை. முப்பத்தேழில் என்ன இருந்தது? யாரிடம் கொடுத்தாய்?"

அழகுமுத்து வெறும் உரப்பையை உதறிப் பார்த்தார். லயக் காம்பராகூட இப்போது தூரத்தில் சொர்க்கமாகத் தெரிந்தது. அந்தோனியாரைக் கூப்பிட்டார். முருகனைக் கூப்பிட்டார்.

பக்கத்தில் கடலை சப்பிக்கொண்டிருந்த சிப்பாய் சப்புவதை நிறுத்தினான். கையிலிருந்த சரையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு மிச்சக் கடலையை வாயில் கொட்டிக்கொண்டு, கடதாசியை மெதுவாக நீட்டினான்.

சிவப்புப் பென்சிலில் முப்பத்தேழு.

சார்ஜன் அதை அதன் இடத்தில் வைத்து, கட்டின் விளிம்பைத் தட்டிச் சீர்படுத்தி, ஒரு நூலால் கட்டிக் கொடுத்தார். "இனிமேல் ஒழுங்காக வைத்துக்கொள்" என்று புத்தியும் சொன்னார்.

வியாழக்கிழமை பைகளை வெந்நீரில் ஊறப்போட்டார்கள். பசை விட்டது; கூடவே மையும் கொஞ்சம் விட்டது. தாள்களைக் கொடியில் காயப்போட்டால், பசைக்கு ஆசைப்பட்டுக் காகம் வந்தது. இராமலெட்சுமி தும்புத்தடித் துடைப்பத்தோடு காவலுக்கு நின்றாள். பிறகு அயர்ன் பண்ணினார்கள். சூடு பட்டதும் எண்ணெய் உருகி, ஒரு தாளில் இருந்தது மூன்று தாளுக்குப் பரவியது. எல்லாத் தாளின் மூலையிலும் ஒரு நீல வட்ட முத்திரை வேறு இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்குள் அதுவும் எண்ணெயில் கரைந்து போனது. கடைசியில், மிளகாய்த்தூள் மணத்துக்காக இராமலெட்சுமி குட்டிக்கூரா பவுடரைத் தூவினாள். இப்போது ஃபைல், கல்யாண வீட்டுக்குப் போகும் கடலைக்காரன் மாதிரி மணந்தது.

ஆனால் ஒரு தாளும் குறையவில்லை. அழகுமுத்து அன்று அந்தோனியாருக்கு ஒரேயடியாக மூன்று மெழுகுதிரி கொளுத்தினார். "சாமி, மறக்க மாட்டேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு உத்தியோகத்தர்கள் மாடி ஏறி வந்தார்கள். ஒருவர் தடித்த சிங்களத்துரை. மற்றவர் ஒல்லியான மனிதர். பெயர் நிலாம் என்றார். தமிழ் விளங்கப்படுத்தக் கூட்டி வந்திருப்பார்கள் என்று அழகுமுத்து நினைத்தார்.

ஹாஜியார் ஃபைலை நீட்டும்போதே இரண்டு தும்மல் தும்மினார். "என்ன வாப்பா இது, ஃபைலா பலகாரமா?" என்று அழகுமுத்துவின் காதருகே பல்லைக் கடித்தார்.

பெரிய துரை முதல் தாளைத் தொட்டுவிட்டு விரலைப் பார்த்தார். கைலேஞ்சியில் துடைத்தார். ஃபைலை நிலாமின் பக்கம் தள்ளினார். நிலாம் மூலையைப் பார்த்தார். சிவப்புப் பென்சில் இலக்கத்தை விரலால் தடவினார். அடுத்த தாளைப் புரட்டினார். அதற்கடுத்ததை வேகமாகப் புரட்டினார். மின்விசிறிக்குக் கீழே இருந்தும் அவருக்கு வியர்த்து ஒழுகியது.

"முழுசும் ஈக்கா?" என்று கேட்டார்.

"ஒண்ணுலேருந்து நூத்தி நாப்பத்திரண்டு வரைக்கும் இருக்குங்க சேர்."

நிலாம் கதிரையில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டார். ஹாஜியாரும் மூச்சு விட்டார். அழகுமுத்து சட்டைப் பைக் கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்றுதான் அவர் நம்பினார்.

அப்போது படிக்கட்டில் தடதடவென்று சத்தம். இராமலெட்சுமி மூச்சிரைக்க வந்து நின்றாள். கையில் ஒரு பெட்டி. மேலெல்லாம் மெழுகு உருகி ஒட்டியிருந்தது.

"கெடச்சிருச்சுங்க! அந்தோனியார் காலுக்குக் கீழயே இருந்திருக்கு! செக்கிங் அன்னிக்கு வெராந்தாவுல கெடந்துச்சாம். மாக்ரெட் அன்ரி சாமிக்கு ஒசரம் வைக்கக் கொண்டு போயிட்டாங்க. இன்னிக்குத்தான் பீடத்தைக் கலைச்சாங்க!"

பெட்டியை மேசையில் வைத்தாள். 1996. அழகுமுத்துவின் எழுத்து. அழகுமுத்து போட்ட இரட்டை முடிச்சு, அப்படியே. யாரும் எதுவும் சொல்வதற்குள் அவளே அவிழ்த்துத் திறந்தும் காட்டினாள். வெள்ளை வெளேரென்று தாள்கள். இலக்கம் இல்லை, நீல முத்திரை இல்லை, எண்ணெய் இல்லை. கப்பல் பில் இருந்தது, இன்வொய்ஸ் இருந்தது, நானூறு பெட்டி இருந்தது.

மேசையில் இப்போது இரண்டு தொண்ணூற்றாறு.

ஒரு கம்பனியில் ஒரே வருஷத்துக்கு இரண்டு ஃபைல் இருந்தால், அதற்கு என்ன அர்த்தம் என்று சுங்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஹாஜியாரின் முகம் வெளுத்தது. "அல்லா மேல ஆணையா சேர், எங்களுக்கு ஒரு ஃபைல்தான். எது எங்கட ஃபைல்னு மட்டும் எனக்குத் தெரியா..."

பெரிய துரை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

அழகுமுத்துவுக்கு ஐந்து நாளாக ஓடிய ஓட்டம் முழுவதும் காலில் வந்து இறங்கியது. இனிமேல் ஒரு கதை கட்ட அவருக்குத் தெம்பு இல்லை. சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, உறையோடு மேசையில் வைத்தார்.

"சேர், மொதலாளி மேல பிழை இல்லீங்க. அந்தச் சுத்தமான பெட்டிதான் எங்களது. அதைத் தொலைச்சது நான். இந்த எண்ணெய் ஃபைலைக் கடலைக்காரங்ககிட்ட வாங்கினேன், தாள் தாளா. என் கையெழுத்து இருந்துச்சு, எங்களதுன்னு நெனச்சேன். இது யாரோடதுன்னு சத்தியமாத் தெரியாது. என்னை வேணும்னா அனுப்பிருங்க."

நிலாம் எழுந்து போய் மாடிப்படியை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். திரும்பி வந்து, எண்ணெய் ஃபைலை எடுத்துக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"சத்தம் போடாதீங்க, இது எங்கட சுங்கக் கந்தோர்க் கொப்பி, ரெக்கோட் ரூம்ல காணாமப் போனதால, மேலிடத்துக்குத் தெரியிறதுக்குள்ள உங்கடதப் பாத்து எழுதிக்கிட்டுப் போவத்தான் வந்த நாங்க, எங்கட தொண்ணூத்தேழையும் காணல்ல, அந்தக் கடலைக்காரர் இண்டைக்கு எத்தின மணிக்கு வருவார்?"